நிலம் வாங்கும் முன்: ஓர் இடத்தின் ஆபத்தையும் தாங்குதிறனையும் எடைபோடுவது எப்படி?

தை மாதத்தில் பார்த்தால் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எந்த நிலமும் அழகாகத்தான் இருக்கும். ஏரியில் தண்ணீர் நிற்கும். கிணற்றில் நீர் மேலேறி இருக்கும். வரப்பெல்லாம் பச்சை. நகரத்தை விட்டு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வாங்கித் தற்சார்பாக வாழ நினைப்பவர்களில் பலர் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் முன்பணம் கொடுக்கிறார்கள். அதே நிலம் சித்திரையிலும் கார்த்திகையிலும் எப்படி இருக்கும் என்பதுதான் அங்கே குடும்பம் நடத்த முடியுமா என்பதைத் தீர்மானிக்கும்.

2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியே 70 செ.மீ.க்குக் குறைவு. ஸ்ரீவைகுண்டத்தில் 17-ஆம் தேதி இரவு ரயிலில் சிக்கியவர்களில் பலர் 19-ஆம் தேதிதான் வெளியே வர முடிந்தது. மறு ஆண்டு டிசம்பரில் வறண்ட பகுதியென்று பெயரெடுத்த கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்தது. ‘இது வானம் பார்த்த பூமி, இங்கே வெள்ளமெல்லாம் வராது’ என்ற கணக்கு இரண்டு இடங்களிலும் பொய்த்தது. வறட்சியும் வெள்ளமும் வேறு வேறு ஊர்களின் பிரச்சினை அல்ல. நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன.

இட ஆய்வு என்பது இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுவது. இங்கே என்னென்ன வரக்கூடும்? வெளியிலிருந்து எதுவும் வராத நாட்களில் இந்த நிலம் நம்மை எவ்வளவு தாங்கும்? இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. ஆற்றுப் படுகையின் வண்டல் வளமானது. அதைக் கொண்டுவந்து போட்டதே வெள்ளம்தான். ஏரிக்கரைக்குக் கீழே முதல் வயலில் கிணறு வற்றாது, ஏனென்றால் கரை கசிகிறது. கரை உடைந்தால் முதலில் போவதும் அதே வயல். மலையடி ஓடையோரம் மண் ஆழம், தண்ணீர் இனிப்பு. பாறையும் சேறும் இறங்கி வரும் வழியும் அந்த ஓடைதான். வளம் எங்கிருந்து வருகிறதோ, ஆபத்தும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். அதனால் நல்ல மண்ணைப் பார்த்ததும் ‘இது இங்கே எப்படி வந்தது?’ என்று கேட்டுப் பழகுங்கள். விடை பிடிபட்டுவிட்டால், அந்த மண்ணில் பயிர் வைத்து, வீட்டை மேட்டில் கட்டுவது எளிது. வாங்கும் நிலத்தில் அப்படியொரு மேடே இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

புறப்படும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லோரும் பார்ப்பவை. அவை உரிமையைச் சொல்லும், தண்ணீரைச் சொல்லாது. தண்ணீருக்கு கிராம வரைபடமும் புல வரைபடமும் வேண்டும். உங்கள் புல எண்ணைச் சுற்றி ஓடை, வாய்க்கால், ஏரி, குட்டை எங்கே என்று பென்சிலால் நீலம் தீட்டுங்கள். ஏரிக்கு வரத்து வாய்க்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் உபரிநீர் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கோடிட்டுப் பாருங்கள். தென்மாவட்டங்களில் கலங்கலை மறுகால் என்பார்கள். வரைபடத்தில் ஓடை இருந்து நேரில் இல்லையென்றால் நிம்மதி அடைய வேண்டாம். யாரோ தூர்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். பெருமழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்துவிடும்.

இடப் பெயர்களையும் படியுங்கள். தாங்கல் என்று முடிந்தால் அது ஏரி. பள்ளம், படுகை, உள்வாய், ஓடைக்காடு எல்லாமே முன்னோர் எழுதி வைத்த எச்சரிக்கைப் பலகைகள்தான். கரடு, திட்டு, மேட்டுக்காடு என்றால் தண்ணீர் நிற்காது, மண் ஆழம் குறைவாக இருக்கலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் கடந்த பத்தாண்டு அடங்கலைக் கேளுங்கள். எந்த ஆண்டு என்ன பயிர், எந்தப் பாசனம் என்று அதில் இருக்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டில் இந்த நிலம் தரிசாகக் கிடந்ததா, பயிர் இருந்ததா என்பது கிணற்றின் உண்மையான வலிமையைக் காட்டிவிடும்.

மழைக் கணக்கில் சராசரியை நம்பாதீர்கள். அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் முப்பதாண்டுக் கணக்கை வாங்கி, மிகக் குறைந்த மூன்று ஆண்டுகளையும் ஒரே நாளில் பெய்த அதிக அளவையும் வட்டமிடுங்கள். தொட்டியும் குட்டையும் முதல் எண்ணைப் பார்த்துத் திட்டமிட வேண்டியவை. வீட்டின் அடிமட்டமும் வடிகாலும் இரண்டாவது எண்ணைப் பார்த்து.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். டிசம்பர் படத்தில் எங்கே நீர் நிற்கிறது, ஏப்ரல் படத்தில் எங்கே பச்சை மிச்சமிருக்கிறது என்பது தெரியும். ஆனால் அது காட்டும் உயரத்தை வைத்து வெள்ள மட்டம் முடிவு செய்யாதீர்கள். அதில் சில மீட்டர் பிசகு இருக்கக்கூடும். வெள்ளத்துக்கோ ஓர் அடியே பெரிது.

நேரில் பார்ப்பது

கார்த்திகை, தை, வைகாசி என மூன்று முறை போவது நல்லது. ஒரே முறைதான் முடியும் என்றால் வைகாசியில் போங்கள். வெள்ளம் விட்டுப்போன அடையாளங்களைக் கோடையிலும் பார்க்கலாம். மழைக்காலத்தில் போய்க் கோடைத் தண்ணீரைப் பார்க்க முடியாது.

அடையாளங்கள் எங்கே இருக்கும்? முள்வேலியிலும் மரக்கிளையிலும் சிக்கிய வைக்கோல், பிளாஸ்டிக். பம்புசெட் அறைச் சுவரில் சேற்றுக்கோடு. சாலையின் சிறுபாலத்துக்கு அடியில் மண் அரித்த பள்ளம். கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புப் பகுதியில், பழைய வீடுகளின் திண்ணை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் எதற்கும் காரணமில்லாமல் மூன்றடி உயர்த்திக் கட்டியிருக்க மாட்டார்கள். நத்தம் பெரும்பாலும் ஊரின் மேடான இடத்தில்தான் இருக்கும். உங்கள் நிலம் நத்தத்தைவிட எவ்வளவு தாழ்வு என்பது முதல் அளவு.

பெரியவர்களிடம் ‘வெள்ளம் வருமா?’ என்று கேட்டால் ‘அதெல்லாம் வராதுங்க’ என்றுதான் பதில் வரும். விற்பவருக்குச் சங்கடம் தர யாரும் விரும்ப மாட்டார்கள். கேள்வியை மாற்றுங்கள். ‘போன பெருமழையில மாட்டை எங்க கட்டினீங்க ஐயா?’ ‘எத்தனை நாள் பஸ் வரல?’ ‘கரண்டு எத்தனை நாள் கழிச்சு வந்துச்சு?’ ‘குடிக்கத் தண்ணி எங்க எடுத்தீங்க அம்மா?’ இந்த நான்கு பதில்களில் நீங்கள் தாக்குப்பிடிக்க வேண்டிய நாட்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். மூன்று பேரிடமாவது கேளுங்கள். அதில் ஒருவர் ஆடுமாடு மேய்ப்பவராக இருக்கட்டும். எந்தப் பள்ளத்தில் எத்தனை நாள் நீர் நிற்கும் என்று அவருக்குத்தான் அத்துப்படி.

வெள்ளக்கோடு கிடைத்ததும் அதிலிருந்து வீடு கட்டும் இடத்துக்கு மட்டம் எடுங்கள். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டக் குழாய் போதும். 15 மீட்டர் நீளமுள்ள ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு கம்புகளில் கட்டி, பத்துப் பத்து மீட்டராக நகர்த்தி உயர வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போகலாம். குழாய்க்குள் காற்றுக்குமிழி இருந்தால் அளவு தப்பாகும். ஒவ்வொரு முறையும் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே அளக்க வேண்டும். கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே அளந்து திரும்புங்கள். இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டியதுதான். வீட்டுத் தரை அதிகபட்ச வெள்ளக்கோட்டுக்கு இரண்டடியாவது மேலே வர வேண்டும்.

மலைச்சரிவில் வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், சாய்ந்த வேலிக்கால்கள், சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவ வெடிப்பு, மழைக்குப் பிறகு புதிதாகக் கசியும் ஊற்று எல்லாம் மண் நகர்வதைக் காட்டுபவை. ஓடை மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் வாயில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். பெரிய கல், சின்னக் கல், களிமண் எல்லாம் வரிசையின்றிக் கலந்து கிடந்தால் அது பழைய சேற்றுப் பாய்ச்சலின் படிவு. முன்பு வந்தது மறுபடியும் வரலாம். நீலகிரியில் 2009 நவம்பரிலும், வயநாட்டில் 2024 ஜூலை 30-லும், திருவண்ணாமலையில் 2024 டிசம்பர் 1-லும் உயிர்கள் போன பிறகும் ஓடைவாய் மனைகள் ‘இயற்கைச் சூழல்’ என்று விற்கப்படுவது வேதனை. அப்படிப்பட்ட இடத்தில் வீடு வேண்டவே வேண்டாம்.

கடலோரத்திலும் காவிரிப் படுகையிலும் காற்றைக் கணக்கில் எடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தென்னையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அடுத்த காய்ப்பு வரைக்கும் ஐந்து ஏழு ஆண்டுகள். இரண்டாவது இழப்பைப் பலர் எதிர்பார்க்கவில்லை. மின்கம்பங்கள் விழுந்து கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாததால், நிலத்தடியில் தண்ணீர் இருந்தும் குடிக்க வழியில்லை. ஆழ்துளைக் கிணறும் மின் மோட்டாரும் மட்டுமே இருக்கும் பண்ணையைத் தற்சார்பு என்று சொல்ல முடியாது. நீர்மட்டம் 150 அடிக்குள் இருந்தால் ஓர் அடிபம்பு வைக்கலாம். திறந்த கிணறு இருந்தால் கயிறும் வாளியும் போதும். நீர்மட்டம் 150 அடிக்கும் கீழே என்றால் மழைநீர்த் தொட்டியே துணை. கூரைத் தகடு முதலில் விளிம்பில்தான் பிய்யும். அங்கே கொக்கி போல்ட்டுகளை நெருக்கமாகப் போட வேண்டும்.

நிலநடுக்கம் நமக்குச் சிறிய கவலைதான், இல்லாத கவலை அல்ல. 1900-இல் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் 2001-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலிலும் பூமி அதிர்ந்திருக்கிறது. ஒற்றைத் தள வீட்டுக்கு அடித்தளத்திலும் ஜன்னல் மேல்மட்டத்திலும் சுற்றிவரக் கான்கிரீட் வளையம் கட்டினால் பெரும்பாலும் போதும். காட்டோர நிலமென்றால் யானைத் தடத்தை வனத்துறையினரிடமும் மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். காய்ந்த புல்சரிவின் தலையில் வீடு வைக்காதீர்கள், தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவில் இருக்கட்டும். மேல்பக்கம் சாயப்பட்டறை, தோல் ஆலை, கல்குவாரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நொய்யலிலும் பாலாற்றிலும் கெட்ட நிலத்தடி நீர் ஒரு பருவமழையில் தேறிவிடவில்லை.

வைகாசித் தண்ணீர்

மற்றதெல்லாம் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் தப்பினால் எல்லாமே தப்பும். முதலில் உங்கள் குறுவட்டத்தின் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்த்துறைப் பிரிவு) நிலத்தடி நீர் நிலை அரசு கணக்கில் என்னவென்று பாருங்கள். ஓராண்டில் ஊறுவதில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பானது. 100 விழுக்காட்டைத் தாண்டினால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் அக்கம்பக்கத்தில் எத்தனை போர் போட்டார்கள், எத்தனை தண்ணீரின்றிப் புகை மட்டும் கிளப்பின என்று கேட்டால் மீதி தெரிந்துவிடும்.

பிறகு கிணற்றை அளக்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நமது. கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தைக் குறியுங்கள். மோட்டாரை ஓடவிட்டு 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 4 நிமிடம் என்றால் மணிக்கு 3,000 லிட்டர். விற்பவர் இதோடு நிறுத்திவிடுவார், நீங்கள் நிறுத்தாதீர்கள். முதல் டிரம்மில் வருவது கிணற்றில் ஏற்கெனவே தேங்கியிருந்த நீர். மூன்று மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி டிரம் வையுங்கள். நிறுத்தியபின் நீர்மட்டத்தை அளந்து, மறுநாள் காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஏற்றம்தான் கிணற்றின் சம்பளம், மற்றது அதன் சேமிப்பு.

ஓர் உதாரணம். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணறு, வைகாசியில் ஓரிரவில் 1 மீட்டர் ஊறுகிறது. அதாவது நாளுக்குச் சுமார் 28,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 1,200 மி.மீ. நீர் என்றால் 48 லட்சம் லிட்டருக்கு மேல், 110 நாள் பயிருக்கு நாளொன்றுக்கு 44,000 லிட்டர். ஆகவே கோடை நெல் கிடையாது. காய்கறிக்கு நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் 50 சென்டுக்கு 10,000 லிட்டர் போதும். நான்கு பேர் குடும்பத்துக்கும் ஒரு மாட்டுக்கும் 500 லிட்டர். இந்தக் கிணறு ஒரு குடும்பத்தைக் கோடையில் வசதியாகவே தாங்கும். நெல்லை மழைக்காலத்துக்குத் தள்ளிவைத்தால் போதும்.

தரத்தை நாக்கு சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை கழுவி, ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில் தனியாகப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது பழைய துயரம். ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருந்தால் எச்சரிக்கையாகுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். கடலோரக் கிணற்றில் முதல் வாளியையும் மூன்று மணி நேரத்துக்குப் பிந்தைய வாளியையும் தனித்தனியே சோதியுங்கள். இரண்டாவதில் உப்பு கூடியிருந்தால் மேலே நிற்கும் நன்னீர்ப் படலம் மெல்லியது. அங்கே ஆழப்படுத்துவது கிணற்றைக் கெடுக்கும்.

நிலத்தடி எப்படியிருந்தாலும் குடிநீருக்கு மட்டும் வானம் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, 900 மி.மீ. மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்று கழித்தால் 72,000 லிட்டர். 500 மி.மீ. பெய்த பஞ்ச ஆண்டிலும் 40,000. நான்கு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்றால் ஒன்பது மாதத்துக்கு 10,800 லிட்டர். ஆக, 12,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று போதும். ஒவ்வொரு மழையிலும் முதல் 200 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள், கூரைத் தூசும் பறவை எச்சமும் அதில்தான் வரும். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். வலை கிழிந்தால் கொசு முட்டையிடும். தொட்டிகள் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

நிலம் எவ்வளவு ஊட்டும்?

மண்ணுக்கு மூன்றடிக் குழி வெட்டிப் பாருங்கள். சுக்கான் பாறை (கெட்டியான சுண்ணாம்புப் படிவு) எத்தனை அடியில் தட்டுகிறது என்பது மரப்பயிரின் விதி. மேலே வெள்ளை பூத்தால் களர் அல்லது உவர். கரிசல் என்றால் கோடையில் வெடிப்பின் ஆழத்தைக் குச்சி விட்டு அளந்துவிட்டு வீட்டின் அடித்தளம் பற்றிப் பொறியாளரிடம் பேசுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பும் மண்ணை வரப்போரம், மரநிழல், எருக்குழி தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம் எடுத்துக் கலந்து, அரைக்கிலோவாகக் குறைத்து அனுப்ப வேண்டும்.

நான்கு பேருக்கு ஆண்டுக்கு 400 கிலோ அரிசி என்றால் சுமார் 620 கிலோ நெல். ரசாயனம் இல்லாமல் ஏக்கருக்கு 1,500 கிலோ என்று அடக்கமாகக் கணக்கிட்டால் 40 சென்ட். எண்ணெய் 30 லிட்டருக்கு மானாவாரி நிலக்கடலை 20 சென்ட். உளுந்து, துவரைக்கு 25. காய்கறிக்கு 10. ஒரு மாட்டுப் பசுந்தீவனத்துக்கு 15. கூட்டினால் ஒன்றே கால் ஏக்கருக்குள் அடங்குகிறது. ஆனால் இது எல்லாம் விளைந்த ஆண்டின் கணக்கு. மழை பொய்க்கும் ஆண்டும் புயல் ஆண்டும் வரும் என்பதால் இரண்டரை ஏக்கரும், ஓராண்டு நெல்லைப் பூச்சி அண்டாமல் வைக்கக் குதிரோ இரும்புத் தொட்டியோ இருந்தால்தான் மூச்சுவிட முடியும். அந்தக் குதிரும் வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

உப்பு, மருந்து, இரும்பு எப்போதும் வெளியிலிருந்துதான். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையம், ரைஸ் மில், செக்கு, கால்நடை மருந்தகம் எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, வழியில் எத்தனை தரைப்பாலம் என்றும் எண்ணுங்கள். 5 கி.மீ. தூரத்து மருத்துவமனையும் தரைப்பாலம் மூழ்கினால் இல்லாத மருத்துவமனைதான்.

எல்லாம் சேகரித்தபின் மதிப்பெண் போட்டுக் கூட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மண்ணுக்குப் பத்து, காற்றுக்கு ஒன்பது என்று போட்டு, வைகாசித் தண்ணீரின் சைபரை அந்தக் கூட்டலில் மறைத்துவிட முடியும். வீட்டுக்கு வெள்ளக்கோட்டுக்கு மேலே இடம் இல்லையா, கோடையில் வீட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் இல்லையா, துண்டிக்கப்படும் நாட்களுக்குள் மருத்துவ உதவிக்கு மாற்றுவழி இல்லையா? இவற்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்த நிலத்தை விட்டுவிடுங்கள். மற்ற குறைகளை உழைப்பால் சரிசெய்யலாம்.

வைகாசியில் நிலம் பிடித்துப்போய் ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்றால், பத்திரப்பதிவுக்கான கெடுவை மார்கழி வரை கேட்டு வாங்குங்கள். விற்பவர் ஒப்புக்கொண்டால் ஒரு பருவமழையை அந்த மண்ணில் நின்று பார்த்துவிடலாம். பெரிய மழை பெய்த மறுநாள் காலையில் குடையோடும் ரசமட்டக் குழாயோடும் போய்ச் சேருங்கள்.